கறை ஏறும் லேஸ்

புது லேஸின் பளிச்சென்ற வெள்ளை, பஞ்சின் சொந்த நிறம் இல்லை. காய் வெடித்து வரும் பருத்தி பாலேட்டு நிறத்தில்தான் இருக்கும். ஆலையில் அதை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, போதாததற்கு ஒளிர்வூட்டி ஒன்றையும் ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தருவது அந்த ஒளிர்வூட்டியின் வேலை. இப்படி வெளுத்த லேஸை ஒயின் நிற வெல்வெட்டுக்கும் பழைய பட்டுக்கும் நடுவில் வைத்துத் தைத்தால் கண் நேராக லேஸில் போய் நிற்கும். சுற்றியுள்ள துணிகள் அழுக்கேறியவைபோலத் தெரியும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் லேஸைத் தேயிலையிலும் காபியிலும் முக்கி எடுப்பது இந்த உறுத்தலைத் தணிக்கத்தான்.

உறுத்தலுக்குக் காரணம் சொன்னவர் மிஷேல் ஷெவ்ரல். பாரிஸ் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர். கறுப்புச் சாயத்தில் ஆழம் போதவில்லை என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் அதை வெளுப்பாகக் காட்டின. அருகருகே இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றின் வேறுபாட்டை மற்றொன்று பெருக்கிக் காட்டும் என்ற விதியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். அடர்ந்த துணிமேல் வெள்ளை லேஸ் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரிவதும், இளம் பழுப்பு லேஸ் அடங்கி உட்காருவதும் அந்த விதிப்படிதான். லேஸில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் பரப்பில் பெரும்பகுதி ஓட்டை. அடியில் உள்ள துணியின் நிறமும் கலந்துதான் கண்ணுக்கு வரும். ஆகவே சாயமேற்றிய லேஸின் நிறத்தை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தைக்கப்போகும் துணிமேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தேவையை வளர்த்தது கிரேசி குயில்ட் என்ற தையல் வகை. கட்டம் கட்டமாக அளந்து வெட்டாமல், கைக்குக் கிடைத்த பட்டு, வெல்வெட், ரிப்பன் துண்டுகளைக் கோணல்மாணலாக ஓர் அடித்துணியின்மேல் பரப்பி, சேரும் இடமெல்லாம் அலங்காரத் தையல் ஓட்டுவது அதன் முறை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருள்களைப் பார்த்த அமெரிக்கர்களுக்குச் சமச்சீர் இல்லாத வடிவங்கள்மேல் மோகம் பிறந்தது. 1880களில் இந்தத் தையல் உச்சத்துக்குப் போனது. குயில்ட் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றின் நடுவில் பஞ்சு கிடையாது. குளிருக்குப் போர்த்த உதவாது, சோபாமேல் விரித்து அழகு பார்க்கலாம். கைக்குட்டை ஓரம், குழந்தைச் சட்டையின் கழுத்துப்பட்டை என்று வீட்டில் எஞ்சிய லேஸ் துண்டுகள் இவற்றில் இடம்பிடித்தன. பழைய லேஸ் தானாகவே பழுத்திருக்கும். பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸ் காற்றாலும் வெளிச்சத்தாலும் ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலியில் மஞ்சள் நிறம் காட்டும் தொகுதிகள் உருவாகின்றன. அது நூல் நலிவதன் அடையாளமும் ஆகும். தேயிலைக் கறை அந்த நிறத்தை மட்டும் ஒரு மணி நேரத்தில் போலி செய்கிறது.

நூல் எது என்று முதலில்

ஒரே பானையில் ஒரே நேரத்தில் முக்கிய இரண்டு லேஸ் துண்டுகளில் ஒன்று நல்ல பழுப்பாகவும் மற்றொன்று போட்ட வெள்ளையாகவும் வெளியே வருவது அன்றாட அனுபவம். சாயத்தில் கோளாறு தேடுவது வீண். நூலின் இனம் வேறு.

பருத்தி, லினன், ரேயான் மூன்றும் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த அந்தச் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. தண்ணீரும், தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினும் வந்து ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ள இவையே பிடிமானம். ரேயான் என்பது மரக்கூழைக் கரைத்து மறுபடி நூலாக இழுத்தது. அதில் சங்கிலிகள் பருத்தியில் உள்ள அளவுக்கு நெருங்கி அடுக்கப்படவில்லை. இடைவெளி கூடுதல் என்பதால் நிறமும் கூடுதலாக உள்ளே போகும். பட்டு புரதம். அதன் அமினோ தொகுதிகள் அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் பெற்று நிறப்பொருளை இழுக்கும். டானினுக்கும் புரதத்துக்கும் இயல்பிலேயே நெருக்கம் அதிகம். தோல் பதனிடுவதும், நாக்கில் துவர்ப்பு தெரிவதும் அந்த நெருக்கத்தால்தான். ஆகவே தேயிலை நீரில் பட்டு லேஸ் வேகமாகவும் ஆழமாகவும் நிறம் வாங்கும்.

செயற்கை நூல்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: இயற்கைச் சாயம் இயற்கை நூலில்தான் ஏறும் என்பார்கள். நைலான் அதைப் பொய்யாக்குகிறது. நைலானின் சங்கிலியில் உள்ள அமைடு பிணைப்பு, பட்டுப் புரதத்தில் உள்ள அதே வகைப் பிணைப்பு. மலிவான நைலான் நெட் லேஸ் தேயிலை நீரில் பருத்தியையே மிஞ்சிவிடுவதுண்டு. பாலியெஸ்டர் நேர்மாறு. அதில் டானின் பிடித்துக்கொள்ள ஏற்ற தொகுதி ஏதும் கிடையாது, தண்ணீரை உள்ளே விடாது, மூலக்கூறுகள் இறுக்கமாக அடுக்கப்பட்டவை. ஆலைகளில்கூட அதற்கென்றே உள்ள சிதறல் சாயங்களை அழுத்தக் கலத்தில் 130 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றித்தான் ஏற்றுகிறார்கள். அடுப்பில் கொதிக்கும் தேயிலை நீர் 100 டிகிரியைத் தாண்டாது, பாலியெஸ்டர் அசையாது.

சிக்கல் வருவது கலப்பு லேஸில். ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற வலைப்பின்னல் இயந்திரம் லேஸின் அடிவலையைக் கையிலிருந்து ஆலைக்கு மாற்றியது. 1863இல் சுவிட்சர்லாந்தில் இசாக் க்ரோப்லி உருவாக்கிய ஷிஃப்லி இயந்திரம் அதன்மேல் பூ வேலையையும் செய்யத் தொடங்கியது. வலை ஒரு நூல், பூ ஒரு நூல், பூவைச் சுற்றி ஓடும் கோட்டுக்கு மூன்றாவது நூல் என்ற ஏற்பாடு அப்போதிலிருந்து சகஜம். நைலான் வலையில் ரேயான் பூவும் பாலியெஸ்டர் கோடும் உள்ள லேஸைத் தேயிலை நீரில் போட்டால் வலை ஒரு பழுப்பு, பூ இன்னொரு பழுப்பு, கோடு வெள்ளை என்று மூன்று நிறமாக வரும். இதை விரும்பியே இத்தகைய லேஸைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே முக்கலில் இந்த நுணுக்கம் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. கடைகளில் ஜி.பி.ஓ. லேஸ் என்று காட்டும் கனத்த ரகத்தில் வலையே இருக்காது. கரையும் துணிமேல் பூவேலை செய்துவிட்டுப் பிறகு அந்தத் துணியைக் கரைத்து நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது தையல் நூல் மட்டும் என்பதால் அது முழுதும் ஒரே சீராக நிறம் வாங்கும், நூல் பருத்தியாகவோ ரேயானாகவோ இருந்தால்.

கையால் பின்னிய பருத்தி லேஸில் இந்தத் தொல்லை இல்லை. நாகர்கோவிலில் 1821இல் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து குமரி மாவட்டத்தில் வளர்ந்த லேஸும், இலங்கையின் காலி, வெலிகம பகுதிகளில் மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் பீரலு லேஸும் மரபாகப் பருத்தி நூலில் ஆனவை.

எந்த நூல் என்று தெரியாதபோது எரித்துப் பார்ப்பதே எளிய சோதனை. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே தீயில் காட்ட வேண்டும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிந்த வாசனையோடு உதிரும் சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிமணியாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகி, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியாகும். இவற்றில் பாலியெஸ்டர்தான் கரும்புகை அதிகம் விடும். வலை, பூ, கோடு மூன்றிலிருந்தும் தனித்தனி இழை எடுக்காவிட்டால் சோதனை பாதிதான்.

கறையின் கைச்சரக்கு

தேயிலையின் பச்சைக் கொழுந்தில் பழுப்பு நிறம் கிடையாது. கொழுந்தின் காய்ந்த எடையில் கால் பங்குக்கு மேல் பாலிஃபீனால்கள். அவற்றில் பெரும்பகுதி நிறமற்ற கேட்டச்சின்கள். கொழுந்தைக் கசக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து கேட்டச்சின்களை இரண்டிரண்டாகவும் கொத்தாகவும் இணைக்கின்றன. இப்படி உருவாகும் ஆரஞ்சு நிறத் தியாஃபிளேவின், செம்பழுப்புத் தியாரூபிஜின் இரண்டும்தான் டீயின் நிறம், லேஸின் நிறமும் அவையே. நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் புழக்கத்துக்கு வந்தது. அதில் செல்கள் முழுக்க உடைவதால் டீக்கடைத் தூள் சீக்கிரம் இறங்கும், அடர்த்தியாகவும் இறங்கும். விலை உயர்ந்த இலைத் தேயிலையை இந்த வேலைக்கு வீணாக்கத் தேவையே இல்லை, தூள்தான் உகந்தது. பச்சைத் தேயிலையில் நொதியைச் சூட்டால் முதலிலேயே அடக்கிவிடுவதால் வெளிர் மஞ்சளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

காபியின் பழுப்புக்கு வழி வேறு. கொட்டையை வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து மெலனாய்டின் என்ற பெரிய மூலக்கூறுகளைத் தருகின்றன. தோசையின் முறுகலிலும் ரொட்டியின் மேல்தோலிலும் நடப்பது இதே மெய்லார்டு வினை. தேயிலை லேஸுக்குச் சற்றே சிவந்த சாயல் தரும். காபி மஞ்சள் கலந்த மண்நிறம் தரும். காபியின் பிடிப்பு தேயிலையைவிடக் குறைவு, வாசனையோ மாதக்கணக்கில் போகாது. இரண்டிலும் பால், சர்க்கரை சேர்ந்த மிச்சத்தைப் பயன்படுத்துவது எறும்புக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அழைப்பு அனுப்பும் வேலை.

காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளையும் அக்ரூட்டின் பச்சைத் தோல் இவற்றையெல்லாம் மிஞ்சும். அதில் உள்ள ஜக்லோன் விரலில் பட்டால் தோல் உரியும்வரை போகாது. மருதாணியில் உள்ள லாசோன் அதன் நெருங்கிய உறவுக்காரச் சேர்மம்: இரண்டும் நாஃப்தோகுவினோன்கள்; ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உட்காரும் இடம் மட்டும் வேறு. இவை புரதத்தின் அமினோ தொகுதிகளோடு நேரடியாகவே வேதிப்பிணைப்புக் கொள்ளும். அதனால்தான் மருதாணி உள்ளங்கையிலும் முடியிலும் நிற்கிறது, பட்டு லேஸில் அழகாக ஏறுகிறது, பருத்தி லேஸில் மட்டும் மங்கிய காவியாக நின்றுவிடுகிறது. அக்ரூட் தோலில் டானினும் கலந்திருப்பதால் பருத்தியையும் அது கைவிடுவதில்லை.

வெங்காயச் சருகில் குவெர்செடின்; படிகாரத்தோடு சேர்ந்தால் பொன்மஞ்சள். மாதுளைத் தோலும் கடுக்காயும் டானின் சுரங்கங்கள். கடுக்காயின் காய்ந்த சதைப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை டானின். தனியாகப் பார்த்தால் வெளிர் மஞ்சள்தான். அவற்றின் உண்மையான உபயோகம், நிறத்தை நிறுத்தும் உலோக உப்பைப் பற்றிப் பின்னால் சொல்லும்போது தெரியும்.

மஞ்சளையும் பீட்ரூட்டையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம், ஆனால் சேர்க்காமல் இருப்பதே நல்லது. மஞ்சளின் குர்குமின் பருத்தியில் எந்த உதவியும் இன்றி ஏறிவிடும். அத்தனை சுலபமாகவே வெயிலில் போய்விடும். சுண்ணாம்பு சேர்ந்தால் அது குங்குமச் சிவப்பாவது எல்லோரும் கண்டது; சோப்பின் காரம் பட்டாலும் அதே மாற்றம்தான். பீட்ரூட்டின் பீட்டாலெய்ன், செம்பருத்தியின் ஆந்தோசயனின் இரண்டும் பானையில் காட்டும் நிறத்தை லேஸில் காட்டுவதில்லை. ஓர் அலசலில் பாதி, ஒரு வாரத்தில் மீதி போய்விடும்.

முக்குவதற்கு முன்பும் முக்கும்போதும்

ஆலை லேஸில் கஞ்சிப்பசை, மென்மையூட்டி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருக்கும். இவை உள்ள இடத்தில் நீர் இறங்காது, நிறமும் திட்டுத்திட்டாக விழும். பருத்தி லேஸானால் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, சில துளி மென்சோப்பு கலந்து அரை மணி நேரம் மிதமாகக் கொதிக்கவிட்டு அலசினால் போதும். பட்டுக்குச் சோடா ஆகாது. புரதத்தைக் காரம் அரிக்கும். பூந்திக்கொட்டை நீரோ மென்சோப்போ மட்டும் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும்.

ஐம்பது கிராம் லேஸுக்கு இருபத்தைந்து கிராம் தேயிலைத் தூள், இரண்டு லிட்டர் நீர் என்பது நடுத்தரமான கணக்கு. தூளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். இந்த இரண்டாவது வடிகட்டலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிறு துகள் ஒன்று லேஸின் கண்ணியில் சிக்கினால், அதிலிருந்து நிறம் தொடர்ந்து கசிந்து மச்சம்போல் ஒரு புள்ளி விழும், பிறகு அதை எடுக்க வழியில்லை. லேஸை முதலில் வெறும் நீரில் முழுக்க நனைத்துப் பிழிந்த பிறகே சாயத்தில் இறக்க வேண்டும். உலர்ந்த லேஸை நேரே இறக்கினால் முதலில் நனையும் இழை முதல் வாய்ச் சாயத்தைக் குடித்துவிடும். பின்னால் நனைவதற்கு நீர்த்ததுதான் மிஞ்சும்.

சாயத்திலிருந்து எடுத்த லேஸை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் நிறம் எங்கும் ஒரே அளவில் இல்லாததைக் காணலாம். இறுக்கமாக முறுக்கிய நூலின் உட்பகுதி வெளுப்பாகவே இருக்கும், மேற்புறத்தில் மட்டும் வளையமாக நிறம் ஏறியிருக்கும். முடிச்சுகளிலும் ஓரத்தில் வரிசையாக நிற்கும் குட்டி வளையங்களிலும் துளித் துளியாகச் சாயம் தேங்கி அடர்ந்திருக்கும். நூல் வேலையின் புடைப்பை நிழல் தீட்டியதுபோலக் காட்டுவது இந்த ஏற்றத்தாழ்வுதான். ரசாயனச் சாயத்தின் தட்டையான பழுப்புக்கும் தேயிலைப் பழுப்புக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

கால் மணி நேரத்தில் இளம் பாலேட்டு நிறம், ஒரு மணி நேரத்தில் தேன் நிறம். இரவு முழுக்க ஊறவைத்தாலும் அதற்குமேல் பெரிதாக ஏறாது. ஆழம் வேண்டுமானால் உலர்த்திவிட்டுப் புதுச் சாயத்தில் மறுபடி முக்குவதே வழி. ஈர லேஸ் உலர்ந்ததைவிட அடர்ந்து தெரியும் என்பதால், வேண்டிய நிறத்தைத் தாண்டும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். தண்ணீரும் நிறத்தை மாற்றும். இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் தேயிலைப் பழுப்பு சாம்பல் சாயலுக்குத் திரும்பிவிடும். பழைய இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தாலும் அப்படியே. எவர்சில்வரோ எனாமலோ பாதுகாப்பு.

கடைசியில் உப்பும் வினிகரும் போட்டால் நிறம் நிற்கும் என்ற குறிப்பு தையல் புத்தகங்களில் கைமாறி வருகிறது. உப்பு, செயற்கை நேரடிச் சாயங்களுக்குப் பருத்திமேல் உதவுவது உண்மை. அந்த வழக்கம் அங்கிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. தேயிலைக்கு அதனால் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை. வினிகரின் அமிலம் பட்டிலும் நைலானிலும் அமினோ தொகுதிகளுக்கு மின்னேற்றம் தந்து சாயத்தை இழுக்க உதவும். பருத்திக்கு அது எந்த நன்மையும் செய்யாது. சரியாக அலசாமல் விட்ட அமிலம் நாளடைவில் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும்.

உண்மையிலேயே நிறத்தை நிறுத்துவது உலோக உப்பு. சாய மூலக்கூறையும் நூலையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் இத்தகைய உப்புக்கு நிறமூன்றி என்று பெயர். படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனி பட்டோடு எளிதில் சேரும், பருத்தியோடு அவ்வளவாகச் சேராது. இங்கேதான் கடுக்காய் வேண்டியிருக்கிறது. முதலில் டானினை நூலில் ஏற்றி, அந்த டானினை அலுமினியம் பற்றிக்கொள்ளும்படி செய்தால் டானின், அலுமினியம், பின்னால் ஏற்றும் சாயம் மூன்றும் ஒரே அணைவுச் சேர்மமாக நூலுக்குள் தங்கிவிடும். ஐம்பது கிராம் லேஸுக்குப் பத்து கிராம் கடுக்காய்த் தூள் நீரில் சில மணி நேரம், பின் ஏழெட்டு கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு. அதன்பின் வெங்காயச் சருகோ மாதுளைத் தோலோ. காளஹஸ்திக் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் முதலில் தோய்த்து வைப்பதில் பாதிக் காரணம் இதுதான். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுப்பது மீதிக் காரணம்.

இரும்பு செய்யும் நன்மையும் கேடும்

டானின் ஏறிய லேஸை அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் நீரில் காட்டினால் பழுப்பு கண்ணெதிரே சாம்பலாகும். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் இன்னும் கறுக்கும். கரைசலில் உள்ள இரண்டாம் நிலை இரும்பு அயனி டானினோடு சேரும்போது நிறம் அவ்வளவு இல்லை. காற்றின் ஆக்சிஜன் அதை மூன்றாம் நிலைக்கு மாற்றியதும் நீலம் கலந்த கறுப்பு அணைவு உருவாகிறது. கலம்காரியின் கறுப்பு துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்துப் பெறுவது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதப் பயன்பட்ட மையும் ஓக் மரக் காய்ப்புகளின் டானினும் இரும்பு சல்பேட்டும் கலந்ததே. கிரேசி குயில்ட்டில் சாம்பல் பச்சை, புகை நிறம், பழைய வெள்ளியின் மங்கல் எல்லாம் இந்த வழியில் வரும். லேஸின் எடையில் ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு சதவீதம் அன்னபேதி போதும். அதாவது ஐம்பது கிராமுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை. ஒரு சிட்டிகை என்று கை மதிப்பில் போடுவது இங்கே ஆபத்து.

காரணம், அந்தப் பழைய மையே காகிதத்தைத் தின்றிருக்கிறது. ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் எழுத்து இருந்த இடம் மட்டும் ஓட்டையாகிப்போன ஏடுகள் உண்டு. இரும்பு சல்பேட் டானினோடு சேரும்போது அமிலம் உருவாகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை நீராற்பகுத்து வெட்டும். எஞ்சிய தனி இரும்பு அயனி வினையூக்கியாக நின்று, ஆக்சிஜனிலிருந்து தீவிரமான தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிகல்) உண்டாக்கி, சங்கிலியை இன்னொரு பக்கம் அறுக்கும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஆளி போன்ற நாரை டானினில் தோய்த்து இரும்புச் சத்துள்ள சேற்றில் கறுப்பாக்கிய ஆடைகளில், கறுப்பு நார் மட்டும் பொடியாக உதிர்வதை அருங்காட்சியகங்கள் கண்டு போராடி வருகின்றன. மெல்லிய லேஸ் நூலில் இழப்பதற்கு அதிகம் இல்லை.

கிரேசி குயில்ட்களுக்கே இந்த விதி வேறொரு வகையில் நேர்ந்தது. கூட்டுப்புழுவின் பசையை நீக்கும்போது பட்டு கால் பங்கு வரை எடை இழக்கும். எடைக்கு விற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு வியாபாரிகள் அந்த இழப்பை வெள்ளீய உப்பும் இரும்பு உப்பும் ஏற்றி ஈடுகட்டினார்கள், பல சமயம் அதற்கு மேலும். கையில் கனமாக, சலசலவென்று ஒலித்த அந்தப் பட்டு வெளிச்சத்தில் சீக்கிரம் நொறுங்கியது. 1880களின் போர்வைகளில் வெல்வெட்டும் தையலும் கெட்டியாக இருக்க, பட்டுத் துண்டு மட்டும் நூல்நூலாகப் பிளந்து அடித்துணி தெரிவதற்குக் காரணம் இதுவே.

உலர்த்துவதில் உள்ள இயற்பியல்

சாயமேற்றுவதில் கவனமாக இருந்துவிட்டுக் கொடியில் தொங்கவிட்டுக் கெடுத்த லேஸ்கள் ஏராளம். தொங்கும் லேஸில் நீர் கீழ்நோக்கி இறங்கும்போது நூலோடு ஒட்டாத நிறமும் கூடவே இறங்கி, கீழ் விளிம்பின் வளைவுகளில் சேர்ந்துவிடும். நீர் முழுக்க ஆவியானபின் அங்கே கரும்பழுப்புக் கரை ஒன்று நிற்கும்.

தட்டையாக விரித்தாலும் விளிம்பில் கோடு விழலாம். மேசையில் சிந்திய காபித்துளி காய்ந்தபின் நடுவில் வெளுத்து ஓரத்தில் வளையமாக நிற்பதன் காரணத்தை 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்போடு ஒட்டி நகராமல் நிற்கிறது; ஆவியாதல் அந்த விளிம்பில்தான் வேகம். இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓட்டம் உண்டாகிறது, மிதக்கும் துகள்கள் அந்த ஓட்டத்தோடு போய் ஓரத்தில் குவிகின்றன. லேஸில் நூலுக்கு நூல் உள்ள நுண்புழைகள் இந்த ஓட்டத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கின்றன. ஆகவே சீரான நிறம் வேண்டுமென்றால் நன்றாக அலசி ஒட்டாத நிறத்தை நீக்கி, துண்டில் சுருட்டி ஒற்றி ஈரத்தைக் குறைத்து, பிறகு தட்டையாக நிழலில் உலர்த்த வேண்டும். திட்டுத்திட்டான பழமைத் தோற்றம் வேண்டுவோர் இதையே தலைகீழாகச் செய்வார்கள். அலசாமல், கசக்கிய நிலையிலேயே தட்டில் வைத்துக் காயவிட்டால் மடிப்பின் முகடெல்லாம் அடர்ந்து, பள்ளமெல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

தைத்த பின்பு

தேயிலை நிறம் ஒரே வாரத்தில் ஓடிப்போவதும் இல்லை, நூறாண்டு நிற்பதும் இல்லை. சலவைத் தூளின் காரம் அதைக் கருக்கவைக்கும், குளோரின் வெளுப்பான் அழிக்கும், நேரடி வெயில் மெல்ல மெல்ல வெளுக்கும். துணி வெளிச்சத்தில் மங்குவதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. சாயமேற்றிய லேஸின் ஒரு துண்டைப் பாதி கறுப்புத் தாளால் மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைத்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வேறுபாடே விடை சொல்லும். ஒரே போர்வைக்குப் பல கறைகளை முயல்பவர்கள் எல்லாத் துண்டுகளையும் ஒரே தாளில் வரிசையாக ஒட்டிச் சோதிப்பது நல்லது.

அருங்காட்சியகத் துணிப் பாதுகாப்பாளர்கள் பழைய, மதிப்புள்ள லேஸைத் தேயிலையில் முக்குவதை ஏற்பதில்லை. டானினும் அதன் அமிலத்தன்மையும் ஏற்கெனவே நலிந்த நூலை மேலும் நலிவிக்கும். ஏற்றிய கறையைப் பின்னால் முழுமையாக நீக்கவும் முடியாது. பாட்டி பின்னிய லேஸைப் பழையதாகக் காட்ட ஒருவரும் மெனக்கெட வேண்டாம், அது உண்மையிலேயே பழையது. சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கும் புதிதாக வாங்கிய கஜ லேஸுக்கும் இந்தத் தடை பொருந்தாது. அங்கே சாயமேற்றியபின் பலமுறை அலசி, கடைசி அலசல் நீரில் அமிலமோ காரமோ எஞ்சாமல் பார்த்துக்கொண்டால் போதும். துவைப்பதானால் மென்சோப்பு, குளிர்ந்த நீர், முறுக்காத பிழிதல். மடித்து வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றக் கூடாது. மலிவான மரக்கூழ்த் தாள் அமிலம் விடும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுருட்டி வைக்கலாம். போர்வையின் பின்புறத்தில் சிறு துணிச்சீட்டு தைத்து, எந்த நூல், எந்தக் கறை, படிகாரமா அன்னபேதியா என்று எழுதி வைப்பது, அதைப் பின்னாளில் துவைக்கவோ செப்பனிடவோ போகிறவருக்குப் பெரிய உதவி. அன்னபேதி காட்டிய லேஸ் இருந்தால் அதை மற்ற வெள்ளைப் பருத்தியோடு ஈரமாகச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதலாம்.